அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின நர்ஸ் யார்? எந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பள்ளி வினாடி வினா ஒன்றுக்குக் கேள்விகள் தயாரிக்கிறீர்கள். அதில் ஒன்று, அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின நர்ஸ் யார் என்பது. ஓரிடத்தில் டெல்லா ரேனி, 1941 என்று போட்டிருக்கிறது. இன்னோர் இடத்தில் 1918இல் 18 பேர் என்கிறார்கள். மூன்றாவது இடத்தில், உள்நாட்டுப் போரிலேயே சூசி கிங் டெய்லர் என்பவர் இருந்தார் என்று படித்திருக்கிறீர்கள். எதை விடையாக வைப்பது? கூடவே ஒரு துணைக்கேள்வி: நர்ஸ் கிடைக்காமல் தவித்த ராணுவம், படித்துப் பட்டம் வாங்கி வாசலில் வந்து நின்றவர்களை ஏன் திருப்பி அனுப்பியது? ஒரு பெயர்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால், ஒருவர் எப்போது ‘ராணுவ நர்ஸ்’ ஆகிறார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நோயாளியைத் தொட்ட நாளிலா, சம்பளம் வாங்கிய நாளிலா, பதிவேட்டில் பெயர் ஏறிய நாளிலா, தோளில் பட்டை ஏறிய நாளிலா? நீங்கள் பார்த்த மூன்று விடைகளும் இந்த வேறுபாட்டில்தான் பிரிகின்றன.

நான் வரலாற்றுத் துறைக்காரர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 19 வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் 12 வருடம் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவர். நர்சிங் வரலாறு என்ற பகுதி யாருக்கும் பிடிக்காது என்பதால் என் தலையில் கட்டினார்கள். எங்கள் நோட்ஸில் விளக்கேந்திய நைட்டிங்கேல் அம்மையார் தாராளமாக இருந்தார், வேறு யாரும் அதிகம் இல்லை. ஒரு மாணவி எழுந்து, “மிஸ், கறுப்பு நர்ஸ் யாருமே இல்லையா?” என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்து தேடிப் படித்ததுதான் இது.

உள்நாட்டுப் போரிலிருந்து வருவோம். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் நர்ஸ்களுக்கென்று தனிப் படை கிடையாது. நைட்டிங்கேல் முறையில் பயிற்சி தரும் பள்ளிகள் அமெரிக்காவுக்கு வந்ததே 1873இல்தான். நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்து, புண்ணைக் கழுவி, ராத்திரி கூட உட்கார்ந்திருந்தவர் யாரோ அவரே நர்ஸ். சூசி கிங் டெய்லர் 1848இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது அங்கே சட்டப்படி குற்றம். சவன்னா நகரில் ஒளித்து மறைத்துப் படித்துக்கொண்டார். 1862இல், 14 வயதுப் பெண்ணாக, வடக்கு ராணுவத்தின் எல்லைக்குள் தப்பி வந்து ஒரு கறுப்பினப் படைப்பிரிவோடு சேர்ந்துகொண்டார். அவர் கணவர் அதே படையில் சார்ஜென்ட். படையின் கணக்கில் சூசிக்குப் போட்ட வேலை சலவை. நிஜத்தில் அவர் துப்பாக்கி துடைத்தார், சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், காயம் பட்டவர்களைக் கவனித்தார். அம்மை கண்டவரைத் தனிக் கூடாரத்தில் ஒதுக்கி வைத்திருந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இவர்தான் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார். தனக்கு அம்மைத் தடுப்பு குத்தியிருந்தது, போதாததற்கு சசாஃப்ராஸ் கஷாயத்தை விடாமல் குடித்துக்கொண்டிருந்தேன் என்று 1902இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். கஷாயத்தால் அம்மை தடுக்காது, தடுப்பூசிதான் தடுத்திருக்கும். ஆனால் வேப்பிலை செருகிய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் அவர் தெரிந்தவர் மாதிரி ஆகிவிட்டார். நான்கு வருடத்துக்கு மேல் உழைத்ததற்கு ஒரு டாலர்கூட வாங்கவில்லை என்பதையும் அதே நூலில் சொல்கிறார்.

இங்கேதான் பதிவேடு முக்கியமாகிறது. 1892இல் அமெரிக்க நாடாளுமன்றம் உள்நாட்டுப் போர் நர்ஸ்களுக்கு மாதம் 12 டாலர் பென்ஷன் கொடுக்கச் சட்டம் போட்டது. நர்ஸாக நியமிக்கப்பட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், ஆறு மாதமாவது பணியாற்றியிருக்க வேண்டும். சலவை, சமையல் என்று எழுதப்பட்டிருந்தவர்கள் வெளியே. கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோரை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். வார்டில் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் தினக்கூலி என்று இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மன் தெற்கு கரோலினாவில் ராணுவ நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர், உளவு வேலையும் பார்த்தவர். அவருக்கு முதலில் கிடைத்தது விதவை பென்ஷன், மாதம் 8 டாலர். அதுவும் இரண்டாம் கணவர் சிப்பாயாக இருந்ததால். 25 டாலர் கேட்டு மசோதா வந்தது. இழுபறிக்குப் பிறகு 1899இல் நர்ஸ் பணியைக் காரணம் காட்டி 20 ஆக்கினார்கள். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

இந்தக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆன் ஸ்டோக்ஸ். மிசிசிப்பி ஆற்றில் ரெட் ரோவர் என்ற கடற்படை மருத்துவமனைக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டு வந்த இவர் 1863 ஜனவரியில் அதில் நர்ஸாகச் சேர்ந்தார். கடற்படைப் பதிவேட்டில் பெண்ணுக்கு என்று பதவியே கிடையாது. என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘முதல் வகுப்புப் பையன்’. வளர்ந்த பெண்ணைப் பையன் என்று எழுதிச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் பெயர் ஏறிவிட்டது. பிற்காலத்தில் விதவை பென்ஷனுக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அதற்குள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, என் சொந்தப் பணிக்கு என்று 1890இல் மறுபடி விண்ணப்பித்தார். மாதம் 12 டாலர் கிடைத்தது. சூசிக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்ததற்குக் காரணம் அந்தப் ‘பையன்’ என்ற ஒரு சொல்தான்.

1898இல் ஸ்பெயினோடு போர். குண்டில் செத்தவர்களைவிட டைஃபாய்டிலும் மஞ்சள் காய்ச்சலிலும் செத்த சிப்பாய்கள் பல மடங்கு. ராணுவம் ஒப்பந்த நர்ஸ்களை எடுத்தது, மாதம் 30 டாலரும் சாப்பாடும். கறுப்பினத்தவருக்கு மஞ்சள் காய்ச்சல் வராது என்று ஒரு நம்பிக்கை அப்போது இருந்ததால், இந்த முறை அவர்களைத் தேடிப் போனார்கள். நமாயோகா கர்ட்டிஸ் என்பவரிடம் பொறுப்பு கொடுத்து 32 பேரைத் திரட்டினார்கள். ‘நோய் தாக்காதவர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். மருத்துவப்படி அது தப்பு. ஏற்கெனவே அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவருக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்கும், அவர் எந்த நிறமானாலும் சரி. டைஃபாய்டுக்கு அந்தப் பேச்சே பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சாகும் அபாயம் இருக்கிற இடத்துக்கு நிறம் தகுதியானது, போர் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது.

1901இல் ராணுவச் செவிலியர் படை முறையாக அமைந்தது, 1908இல் கடற்படைக்கும் ஒன்று. அதே 1908இல் நியூயார்க்கில் கறுப்பினப் பட்டதாரி நர்ஸ்களுக்கான தேசியச் சங்கத்தை மார்த்தா ஃபிராங்க்ளின் தொடங்கினார். பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மேரி மஹோனி என்ற கறுப்பினப் பெண் பாஸ்டனில் பயிற்சி முடித்தது 1879இல். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ராணுவ நர்ஸாக வேண்டுமென்றால் முதலில் செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கதவு சாத்தியிருந்தது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் கறுப்பின நர்ஸ்கள் சங்கத் தலைவி ஆடா தாம்ஸ் விடாமல் தட்டினார். இவர் நியூயார்க் லிங்கன் மருத்துவமனை நர்சிங் பள்ளியை ஏறக்குறைய 18 வருடம் நடத்தியவர். ஆனால் கடைசிவரை ‘பொறுப்பு’ இயக்குநர்தான். கறுப்பினப் பெண்ணுக்கு அந்த நாற்காலியை நிரந்தரமாகக் கொடுக்க மனம் வரவில்லை. நம் அலுவலகங்களில் பொறுப்பு என்றே ரிட்டையரானவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

தட்டியதற்குப் பலன் 1918 ஜூலையில் வந்தது. ஃபிரான்ஸிஸ் எலியட் என்பவரைச் செஞ்சிலுவைச் சங்கம் பதிவு செய்தது. பதிவு செய்த நர்ஸ்களுக்கு எண் போட்ட ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். இவருடையதில் இருந்தது ‘1ஏ’. எண்ணுக்குப் பின்னால் அந்த எழுத்து இருந்தால் அணிந்தவர் கறுப்பினத்தவர். 1949 வரை இப்படித்தான் கொடுத்தார்கள். நர்ஸ்களுக்கு பேட்ஜ் என்றால் என்ன என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. படிப்பு முடித்த அன்று குத்துவார்கள், ரிட்டையர் ஆகும்வரை டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருப்போம். அதிலேயே ஒரு எழுத்தைச் செதுக்கி ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் படித்த அந்த 18 பேர். 1918 நவம்பர் 11இல் போர் ஓய்ந்தது. டிசம்பரில்தான் இவர்களை அழைத்தார்கள். ஒஹாயோவில் கேம்ப் ஷெர்மனுக்கு ஒன்பது பேர், இல்லினாயில் கேம்ப் கிரான்ட்டுக்கு ஒன்பது பேர். இன்ஃப்ளூயன்சா பரவி முகாம்களில் நர்ஸ்கள் போதாமல் போனதால் திறந்த கதவு அது. கொள்ளைநோயின் உச்சத்தில் இவர்கள் முகாம்களைக் காப்பாற்றினார்கள் என்று சில பதிவுகளில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. கேம்ப் கிரான்ட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தது அந்த இலையுதிர்காலத்தில். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சம் கடந்துவிட்டது. ஆனால் இவர்களில் ஒருவரான ஐலீன் கோல், முகாமுக்குப் போவதற்கு முன்பே மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு இன்ஃப்ளூயன்சா சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். முகாமில் தங்குமிடம் தனி, வார்டில் நோயாளிகள் எல்லா நிறமும். ‘தனித் தங்குமிடம் இல்லை, அதனால் எடுக்க முடியவில்லை’ என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட காரணம். 1919 ஆகஸ்டில் அனைவரையும் விடுவித்தார்கள். பென்ஷன், அந்தஸ்து எதுவும் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ராணுவச் செவிலியர் படையில் ஒரு கறுப்பின நர்ஸ்கூட இல்லை. டெல்லா ரேனியை ‘முதல்’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் வசதி, முன்னால் வந்தவர்களின் தடமே இல்லாமல் ஆகியிருந்தது.

இனி இரண்டாம் உலகப் போர், உங்கள் துணைக்கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 1941இல் ராணுவம் கறுப்பின நர்ஸ்களுக்கு ஒதுக்கீடு அறிவித்தது, 56 பேர். ஒதுக்கீடு என்ற சொல்லில் தமிழ் வாசகருக்கு ஒரு குழப்பம் வரும். நமக்கு ஒதுக்கீடு என்றால் இத்தனை இடமாவது கிடைக்கும் என்ற உறுதி. அங்கே இதற்கு மேல் ஒருவர்கூட வரக்கூடாது என்ற வரம்பு. நில உச்சவரம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடெங்கும் பதிவு பெற்ற கறுப்பின நர்ஸ்கள் சுமார் 9,000 பேர் இருந்தார்கள். 1943இல் வரம்பை 160 ஆக்கினார்கள். கடற்படை ஒருவரையும் எடுக்கவில்லை.

வடக்கு கரோலினாவின் டர்ஹம் நகர லிங்கன் மருத்துவமனைப் பள்ளியில் படித்த டெல்லா ரேனி 1941இல் ஃபோர்ட் பிராக் முகாமில் சேர்ந்தார். பிறகு டஸ்கீகி விமானத் தளத்தில் தலைமை நர்ஸ். 1946இல் மேஜர். அவர் ‘கமிஷன் பெற்ற அதிகாரி’, அதாவது அரசு முறைப்படி அதிகாரியாக நியமித்தவர், என்று பல இடங்களில் வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1920இல் நர்ஸ்களுக்குக் கொடுத்தது ‘சார்பு அந்தஸ்து’ மட்டும். பட்டை உண்டு, பட்டம் உண்டு, ஆனால் அதே பட்டை போட்ட ஆணுக்குரிய முழு அதிகாரமும் சம்பளமும் கிடையாது. வெள்ளை நர்ஸ்களுக்கும் இதுதான் நிலை. முழு கமிஷன் 1944 ஜூனில் தற்காலிகமாக வந்தது, 1947இல் நிரந்தரமானது. ஆண் நர்ஸ்களை 1955 வரை படையிலேயே சேர்க்கவில்லை என்பதும் ஒரு உபரித் தகவல்.

ஏன் திருப்பி அனுப்பினார்கள்? வெள்ளைச் சிப்பாயைக் கறுப்பின நர்ஸ் தொடக்கூடாது என்பது ராணுவம் வெளிப்படையாகவே பின்பற்றிய கொள்கை. கறுப்பினச் சிப்பாய்கள் இருக்கிற தனி வார்டுகளுக்குத்தான் அவர்கள். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது என்று நான் நினைக்கிறேன், இது என் ஊகம், ஆவணம் காட்டிச் சொல்லவில்லை. சமையற்காரியாக, ஆயாவாகக் கறுப்பினப் பெண் வெள்ளை உடம்பைத் தொடுவது அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்த விஷயம். தொடுவதில் மட்டும் பிரச்சினை இருந்திருந்தால் வீடுகளிலும் அனுமதித்திருக்க மாட்டார்கள். நர்ஸ் லெப்டினென்ட். சாதாரணச் சிப்பாய் அவருக்கு சல்யூட் வைக்க வேண்டும், படுக்கையில் இருந்தபடி அவர் சொன்னதைக் கேட்க வேண்டும். கை வேண்டும், தோள்பட்டை வேண்டாம் என்பதுதான் விஷயம்.

அந்தக் கொள்கை போன போக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. அமெரிக்காவில் அடைத்து வைத்திருந்த ஜெர்மன் போர்க் கைதிகளைக் கவனிக்கக் கறுப்பின நர்ஸ்களை அனுப்பினார்கள். அரிசோனாவில் ஃப்ளோரன்ஸ் முகாம் அவற்றில் ஒன்று. 1944இல் இங்கிலாந்துக்கு 63 பேரை மேரி பெட்டி என்ற கேப்டன் தலைமையில் அனுப்பியபோதும் ஜெர்மன் கைதிகள் வார்டுதான் கிடைத்தது. தங்கள் நாட்டுச் சிப்பாயைத் தொட லாயக்கில்லை, எதிரி நாட்டுச் சிப்பாயைத் தொடலாம். அதைவிட வயிற்றெரிச்சல், தெற்கு மாகாணங்களில் காவலோடு வந்த ஜெர்மன் கைதிகளுக்குச் சாப்பாடு போட்ட ஹோட்டல்களில் கறுப்பினச் சிப்பாய்களை உள்ளே விடவில்லை. ஃப்ளோரன்ஸ் முகாமில் எலினோர் பவல் என்ற நர்ஸும் சமையலறையில் வேலை செய்த ஃபிரெடரிக் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் கைதியும் காதலித்து, போர் முடிந்து 1947இல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். சினிமாக் கதை மாதிரி இருப்பதால் இது மட்டும் இணையத்தில் அதிகம் சுற்றுகிறது. கைதி வார்டில் தள்ளப்பட்ட மற்றவர்களின் மனக்கசப்பு அவ்வளவாகச் சுற்றுவதில்லை.

வெளிநாட்டுக்கு முதலில் போனவர்கள் 1943இல் லைபீரியாவுக்குச் சென்ற 30 பேர், சூசன் ஃப்ரீமன் தலைமையில். மலேரியா பாடாய்ப் படுத்தியது, அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். அப்புறம் ஆஸ்திரேலியா, நியூ கினி, பிலிப்பைன்ஸ். நமக்குக் கொஞ்சம் பக்கத்திலும் வந்தார்கள். அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட மலைப் பாதையை அமைத்த அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 15,000 பேரில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அந்தப் பாதையோரம் பர்மாவின் டாகப்பில் இருந்த 335ஆவது நிலைய மருத்துவமனையில் கறுப்பின நர்ஸ்கள் வேலை பார்த்தார்கள்.

இந்த நிலையை உடைத்ததில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் மேபல் ஸ்டாபர்ஸ். பார்படோஸ் தீவில் 1890இல் பிறந்து சிறுமியாக நியூயார்க் வந்தவர், 1934 முதல் கறுப்பின நர்ஸ்கள் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர். சின்ன அலுவலகம், சின்ன நிதி. 1944 நவம்பர் 3ஆம் தேதி அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். ஆள் இல்லை, நர்ஸ்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்ற பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. இவர் எடுத்து வைத்த கணக்கு: அரிசோனாவின் ஃபோர்ட் ஹுவாசூகா மருத்துவமனையில் 150 நோயாளிகளுக்கு 82 கறுப்பின நர்ஸ்கள்.

இந்த எண்ணில் கொஞ்சம் நிற்கிறேன், இது என் தொழில். ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகூட இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படிக் கணக்குப் போடக் கூடாது. 82 பேரும் ஒரே நேரத்தில் வார்டில் நிற்க மாட்டார்கள். வார விடுமுறை, உடம்பு சரியில்லாதவர்கள் என்று 15 பேரைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்று ஷிப்டுக்குப் பிரித்தால் ஒரு ஷிப்டில் சுமார் 22 பேர். அதாவது ஒருவருக்கு ஏழு நோயாளி. இது என் தோராயக் கணக்கு, அங்கே ஷிப்டு எப்படிப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். அப்படியும் அது சொகுசுதான். நான் நைட் டூட்டி பார்த்த ஒரு மெடிக்கல் வார்டில் 46 படுக்கை, தரையில் பாய் போட்டு இன்னும் எட்டுப் பேர், நான் ஒருத்தி. விடியும்போது டெம்பரேச்சர் சார்ட் எழுதி முடிக்கக் கை வராது. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஸ்டாபர்ஸ் சொன்னது எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். போர்முனை ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள் தூங்காமல் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. இந்த 82 பேரில் பாதியை அங்கே அனுப்பினாலும் ஹுவாசூகாவில் நோயாளி தவிக்க மாட்டார். அனுப்பாததற்கு நிறத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. அநீதி என்று கத்தியிருந்தால் கேட்காத காதுகளுக்கு, டூட்டி சார்ட்டைக் காட்டினார்.

1945 ஜனவரி 6இல் அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய உரையில், நர்ஸ்களைக் கட்டாயமாகச் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்றார். அதை ஒட்டி ராணுவத் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க் நியூயார்க்கில் கூட்டிய கூட்டத்தில் ஸ்டாபர்ஸ் எழுந்து, இவ்வளவு பஞ்சம் என்றால் எங்கள் நர்ஸ்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். 9,000 பேர் இருக்கிறார்கள், ராணுவத்தில் இருப்பதோ சில நூறு, கடற்படையில் யாரும் இல்லை. அந்தக் கேள்வியின் வாசகம் நமக்கு அவர் தரப்பிலிருந்தே வருகிறது, வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பின்னால் நடந்தது எழுத்தில் இருக்கிறது. நாடெங்கிலுமிருந்து வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. ஜனவரி 20இல் ராணுவம் இனி நிறம் பார்க்காமல் நர்ஸ்களை எடுக்கும் என்று கிர்க் அறிவித்தார். சில நாளில் கடற்படையும் அப்படியே. மார்ச் 8இல் ஃபிலிஸ் டேலி கடற்படைச் செவிலியர் படையில் உறுதிமொழி எடுத்தார். கட்டாயச் சேர்ப்பு மசோதா கீழவையில் நிறைவேறி மேலவையில் கிடந்தது. ஜெர்மனி சரணடைந்ததும் அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது.

போர் முடிந்தபோது ராணுவத்தில் எத்தனை கறுப்பின நர்ஸ்கள்? 479 என்றும் 512 என்றும் இரண்டு எண்கள் உலவுகின்றன. எந்த மாதக் கணக்கு என்பதில் வரும் வித்தியாசம் அது, சுமார் 500 என்று எழுதினால் தப்பில்லை. மொத்த ராணுவ நர்ஸ்கள் ஏறக்குறைய 59,000 என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கடற்படையில் போர்க்காலம் முழுக்க நான்கு பேர்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1948இல் நான்சி லெஃப்டெனன்ட் நிரந்தர ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதே ஆண்டு ஜூலை 26இல் அதிபர் ட்ரூமன் படைகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க ஆணையிட்டார். அமெரிக்க நர்ஸ்கள் சங்கமும் கறுப்பினத்தவரை நேரடியாகச் சேர்த்துக்கொண்டதால், 1951இல் ஸ்டாபர்ஸின் சங்கம் இனித் தனியாக வேண்டாம் என்று தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. 1964இல் மார்கரெட் பெய்லி ராணுவச் செவிலியர் படையின் முதல் கறுப்பின லெப்டினென்ட் கர்னல், போர்க் கைதிகள் வார்டிலிருந்து வந்தவர்தான் அவரும். 1979இல் ஹேசல் ஜான்சன் பிரிகேடியர் ஜெனரலாகி செவிலியர் படைக்கே தலைவியானார். அமெரிக்கத் தரைப்படையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். இளம் வயதில் ஊர்ப் பக்கத்து நர்சிங் பள்ளி நிறத்தைக் காட்டிச் சேர்க்க மறுத்ததால் நியூயார்க் போய் ஹார்லெம் மருத்துவமனைப் பள்ளியில் படித்தவர்.

மேரி சீகோலை விடையாக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஜமைக்காவில் பிறந்த அவர் கிரிமியப் போரில் செய்த உதவி பெரியது, ஆனால் பிரிட்டிஷ் போர் அலுவலகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் சொந்தக் காசில் பாலக்லாவா அருகே கடையும் விடுதியும் நடத்திக்கொண்டு சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நாடும் வேறு, ராணுவ நர்ஸும் இல்லை.

உங்கள் வினாத்தாளுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ‘முதல் கறுப்பின ராணுவ நர்ஸ்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், விவரம் தெரிந்த பையன் ஒருவன் எழுந்து ஆட்சேபித்தால் நடுவர் மாட்டிக்கொள்வார். ‘இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவச் செவிலியர் படையில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின நர்ஸ் யார்?’ என்றால் டெல்லா ரேனி. ‘செவிலியர் படையில் கறுப்பினத்தவர் முதன்முதலில் சேர்க்கப்பட்டது எந்த ஆண்டு?’ என்றால் 1918. கொஞ்சம் கஷ்டமான சுற்றுக்கு ஒன்று வேண்டுமானால், ‘அமெரிக்கக் கடற்படைப் பதிவேட்டில் முதல் வகுப்புப் பையன் என்று எழுதப்பட்ட நர்ஸ் யார்?’ என்று போடுங்கள். விடைத்தாளில் ஆன் ஸ்டோக்ஸ், ரெட் ரோவர் கப்பல், 1863 என்று மூன்றையும் எழுதி வைத்துவிடுங்கள், யாராவது நம்ப மறுப்பார்கள்.